வரப்போகும் டாக்டர் ஹூ புத்தகங்கள்: எது புதுசு, எது புது அட்டை மட்டும்?

'டாக்டர்' என்ற காலப்பயணியின் சாகசங்களைச் சொல்லும் பிபிசியின் அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. நடிகர் மாறும்போது டாக்டரையும் முதலாவது, இரண்டாவது என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். 1989 டிசம்பரில் நின்றது. 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தலைகாட்டியது. 2005 மார்ச்சில் மறுபடி ஆரம்பித்தது. திரையில் டாக்டர் இல்லாத அந்த ஆண்டுகளில்கூட புத்தகங்கள் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தன. இவ்வளவு சரக்கு கையில் இருப்பதால் 'பிபிசி புக்ஸ்' பதிப்பகம் பழையதையும் புதியதையும் கலந்தே இறக்குகிறது. கடைகளின் 'விரைவில் வெளியீடு' பட்டியலில் எல்லாமே புதுசு போலத் தெரியும். உண்மையில் புதிதாக எழுதப்பட்டது எது, பழைய நாவல் புதுச் சட்டை போட்டு வருவது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், ஒரே கதையை இரண்டு தடவை வாங்கும் செலவு மிச்சம்.

வேலையைக் கீழே சொல்லும் வரிசையில் செய்வது நல்லது. முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராக முன்பதிவுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

முதலில், எந்த வகை?

ஒரு தலைப்பு கண்ணில் பட்டதும் அது எந்த வகை என்று பாருங்கள். ஒளிபரப்பான கதையை அப்படியே நாவலாக எழுதியதா, புத்தகத்துக்காகவே யோசித்த கதையா, இரண்டுமில்லாத வேறொன்றா?

ஒளிபரப்பான கதையின் நாவல் வடிவம்தான் இந்தத் தொடரின் ஆதிப் புத்தக மரபு. முதலாவது 1964இல் வந்தது. டாலெக்குகள் என்ற எதிரிகளின் முதல் கதையை டேவிட் விட்டேகர் நாவலாக எழுதினார். 1973இல் 'டார்கெட்' என்ற வரிசை தொடங்கியபின் இது பெருகியது. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை எழுதித் தள்ளினார். அன்றைக்கு வீட்டில் வீடியோ கிடையாது. ஒளிபரப்பைத் தவறவிட்டால் புத்தகம்தான் கதி. போதாததற்கு, 1960களின் ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டதால் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் காணாமல் போயின. அவற்றுக்கு ரசிகர்கள் பதிந்து வைத்த ஒலிநாடாவும் இந்த நாவலும்தான் மிச்சம். பழைய டார்கெட் புத்தகங்கள் ஒலிப்புத்தகமாகவும் மறுபதிப்பாகவும் ஓயாமல் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

'டார்கெட்' என்ற பெயரை 2018 ஏப்ரல் 5 அன்று பிபிசி புக்ஸ் 2005க்குப் பிந்தைய கதைகளுக்கும் கொண்டுவந்தது. ரஸ்ஸல் டி டேவிஸ் தன் 'ரோஸ்' கதையையும், ஸ்டீவன் மொஃபாட் தன் 'தி டே ஆஃப் த டாக்டர்' கதையையும் தாங்களே நாவலாக எழுதினார்கள். ஜென்னி கோல்கன், பால் கார்னெல் எழுதிய இரண்டும் அதே நாளில் வந்தன. அடுத்த கொத்து 2021இல் வந்தது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கொத்தாக வருவது வழக்கமாகிவிட்டது. அட்டைப்படம் பெரும்பாலும் ஆன்டனி டிரை வரைந்தது. 1970களின் டார்கெட் அட்டைகளின் சாயலில், சிறிய பேப்பர்பேக் அளவில் இருக்கும். பட்டியலில் 'டார்கெட் கலெக்‌ஷன்' என்று போட்டிருந்தால் அது இந்த வகை.

சொந்தக் கதை நாவல்கள் வேறு. 1991இலிருந்து 1997 வரை வர்ஜின் பதிப்பகம் நடத்திய 'நியூ அட்வென்ச்சர்ஸ்', 1997இலிருந்து 2005 வரை பிபிசி புக்ஸ் நடத்திய எட்டாவது டாக்டர் வரிசையும் முந்தைய டாக்டர்கள் வரிசையும், 2005 மேயில் தொடங்கிய புதிய தொடர் நாவல்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் அநேகமாக எதையும் திரையில் பார்த்திருக்க முடியாது. வாங்க யோசிக்கும்போது முன்னுரிமை தர வேண்டியது இந்த வகைக்குத்தான் என்பது எங்கள் கட்சி. டார்கெட் அபிமானிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சம் உள்ளவை ஆண்டுமலர், துணைநூல், சித்திரக்கதை. ஆண்டுமலரில் ஒரு சிக்கல்: அட்டையில் அச்சாகும் ஆண்டு அடுத்த ஆண்டு. '2024 ஆண்டுமலர்' 2023 இலையுதிர் காலத்திலேயே, கிறிஸ்துமஸ் பரிசுக்காகக் கடைக்கு வந்துவிடும். 2024 ஜனவரியில் தேடினால் தள்ளுபடிக் கூடையில்தான் கிடைக்கும். அது சிறுவர்களுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் வெளியிடும் டாக்டர் ஹூ தயாரிப்புகள் நடிகர்கள் நடிக்கும் ஒலி நாடகங்கள். கடைத் தேடலில் ஒலிப்புத்தகங்களோடு கலந்து வரும்; புத்தகம் என்று நினைத்துச் சொடுக்கிவிடாதீர்கள்.

ஒரே தலைப்பு, மூன்று புத்தகம்

இந்தப் படியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழைய தொடரின் கதைகளில் ஐந்தை மட்டும் டார்கெட் நாவலாக்கவில்லை. டக்ளஸ் ஆடம்ஸ் கைவைத்த மூன்று: 'தி பைரேட் பிளானட்', 'சிட்டி ஆஃப் டெத்', பாதியில் நின்றுபோய் ஒளிபரப்பாகாத 'ஷாடா'. எரிக் சாவர்டின் டாலெக் கதைகள் இரண்டு: 'ரிசரெக்‌ஷன்', 'ரெவலேஷன்'. உரிமையும் ஊதியமும் ஒத்துவராததால் விட்ட குறை இது. பல ஆண்டுகள் கழித்து பிபிசி புக்ஸ் ஒவ்வொன்றாக நிரப்பியது. 'ஷாடா' 2012இல் கேரத் ராபர்ட்ஸ் கையில் வந்தது. மற்ற நான்கும் அடுத்தடுத்து வந்தன.

இப்போது 'சிட்டி ஆஃப் டெத்' எப்படி வந்தது என்று பாருங்கள். ஜேம்ஸ் காஸ் எழுதிய முழு நாவல் 2015இல் கெட்டி அட்டையில் வந்தது. பிறகு அதே நாவல் பேப்பர்பேக்காக வந்தது. 2018இல் டார்கெட் வரிசையில் மூன்றாவதாக ஒன்று வந்தது. தலைப்பு அதே, ஆசிரியர் அதே, அட்டை மட்டும் அழகு. உள்ளே இருந்தது நாவலின் சுருக்கப்பட்ட வடிவம். முழு நாவலின் விளையாட்டுத்தனமான கிளைவழிகளில் பல அதில் கிடையாது. கெட்டி அட்டை வைத்திருந்தவர் புதுசு என்று வாங்கினால் குறைவான கதைக்கு மறுபடி காசு கொடுக்கிறார். டார்கெட் மட்டும் வாங்கினவர் முழு நாவல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறார். 'தி பைரேட் பிளானட்' கதையும் இதேதான்: 2017இல் கெட்டி அட்டை, 2021இல் சுருக்கமான டார்கெட்.

ஆகவே, பழைய தொடரின் பெயர் தாங்கி 'வரப்போகிறது' என்று எது வந்தாலும், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்துத் தேடி முந்தைய பதிப்பு உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் பக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது 160, 192 என்று இறங்கியிருந்தால் சுருக்கம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் அச்சுக்குப் போகாத புத்தகத்தின் பக்க எண்ணிக்கை வெறும் உத்தேசம். அச்சுத்தாள் மடிப்புக்கு ஏற்ப 160, 192, 224, 256 என்று பதினாறின் மடங்கில் போட்டுவைப்பார்கள். பத்து இருபது பக்க வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பெயர் மாறி வந்தவை இன்னொரு கண்ணி. 1970களின் டார்கெட் நாவல்கள் சில, ஒளிபரப்பான கதையின் பெயரையே வைத்துக்கொள்ளவில்லை. 'தி ஆட்டன் இன்வேஷன்' என்பது திரையில் 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'. 'தி கேவ் மான்ஸ்டர்ஸ்' என்பது சைலூரியன்களின் முதல் கதை. 'தி டூம்ஸ்டே வெப்பன்' என்பது 'காலனி இன் ஸ்பேஸ்'. 'தி ஸ்பேஸ் வார்' என்பது 'ஃபிரான்டியர் இன் ஸ்பேஸ்'. 'தி லாக் நெஸ் மான்ஸ்டர்' என்பது 'டெரர் ஆஃப் த ஸைகன்ஸ்'. விட்டேகரின் 1964 நாவல் மிக நீளமான ஒரு தலைப்போடு வந்து, 2011 மறுபதிப்பில் 'டாக்டர் ஹூ அண்ட் த டாலெக்ஸ்' என்று நின்றது. வாங்கும் முன் கதைச்சுருக்கத்தில் எதிரி யார், டாக்டர் எத்தனையாவது டாக்டர் என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

நேர்மாறான குழப்பமும் உண்டு. பால் கார்னெலின் 'ஹ்யூமன் நேச்சர்' 2007இல் டேவிட் டென்னன்ட் பத்தாவது டாக்டராக நடித்து ஒளிபரப்பானது. அதே பெயரில் 2015இல் பிபிசி புக்ஸ் வெளியிட்டது, அந்தத் திரைக்கதையின் நாவல் வடிவம் இல்லை. 1995இல் வர்ஜினில் வந்த மூல நாவல் அது. அதில் வருபவர் ஏழாவது டாக்டர். உடன் பயணிப்பவர் திரையில் வந்த மார்த்தா இல்லை, பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட். டென்னன்டை எதிர்பார்த்துப் பிரித்தவர்கள் முதல் அத்தியாயத்திலேயே விழிப்பார்கள். நாவல் என்னவோ வரிசையிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

புத்தகத்தின் பெயர் மாறும், அட்டை மாறும், தேதி தள்ளிப்போகும். அதை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் மாறாது. கெட்டி அட்டைக்கு ஒன்று, பேப்பர்பேக்குக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று என்று வடிவத்துக்கு ஒரு எண். குறிப்பேட்டிலோ விரிதாளிலோ நான்கு கட்டம் போதும்: தலைப்பு, வடிவம், ஐஎஸ்பிஎன், தேதி. ஐந்தாவதாக 'முன்பு வந்ததா' என்று ஒரு கட்டம் சேர்த்தால் மேலே சொன்ன ஆபத்து பாதி தீரும்.

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் பிசகினால் தேடல் வெறுமையாகத்தான் வரும். கடைசி இலக்கம் அதைக் கண்டுபிடிக்கவே இருக்கிறது. 2018 'ரோஸ்' பேப்பர்பேக்கின் எண் 9781785943263. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள்: 9, 21, 8, 3, 7, 24, 5, 27, 4, 9, 2, 18. மொத்தம் 137. அடுத்த பத்தின் மடங்கான 140க்கு 3 குறைகிறது. அந்த 3தான் கடைசி இலக்கம். இது ஒத்துவராவிட்டால் எண் தவறு.

எண்ணின் முன்பகுதியும் பேசும். 978-1-78594 என்று தொடங்குவது பிபிசி புக்ஸ் பயன்படுத்தும் தொகுதிகளில் ஒன்று. 979-8 என்று தொடங்கினால் அமெரிக்காவில் பதிவான எண். டாக்டர் ஹூ பெயரைப் போட்டு விற்கும் சுயவெளியீட்டு வினாடி வினாக்கள், வண்ணம் தீட்டும் புத்தகங்கள், வெற்றுக் குறிப்பேடுகள் பெரும்பாலும் இதில் இருக்கும். எல்லாமே போலி என்று சொல்ல முடியாது. நேர்மையான ரசிக ஆய்வு நூல்களும் இதே எண்ணில் வரலாம். அவை 'அதிகாரபூர்வமற்றது' என்று அட்டையிலேயே சொல்லிவிடும். சொல்லாமல் டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸ் படத்தைப் போட்டு விற்பவற்றைத் தவிருங்கள்.

எங்கே, எப்போது பார்ப்பது

பிபிசி புக்ஸ் இப்போது பெங்குவின் ராண்டம் ஹவுஸின் கீழ் உள்ள எபரி பிரிவின் ஒரு பதிப்பு முத்திரை (இம்ப்ரிண்ட்). ஆகவே பெங்குவினின் பிரிட்டன் பட்டியல்தான் மூல ஆவணம். கடைகள் அங்கிருந்து வரும் தரவைத் தானியங்கியாக ஏற்றுகின்றன. அதனால் சில சமயம் அறிவிப்புக்கு முன்பே கடையில் தலைப்பு எட்டிப்பார்க்கும். அது பெயரில்லாமல் 'தலைப்பிடப்படாத டாக்டர் ஹூ 2' என்று இருந்தால் பதற வேண்டாம். இன்னும் ஒளிபரப்பாகாத கதையின் பெயரே கதையைச் சொல்லிவிடும் என்பதால் மறைத்து வைப்பார்கள். டிசம்பர் 31 போன்ற தேதி இருந்தால் அது நிரப்பி வைத்த தேதி, வெளியீட்டு நாள் அல்ல. 1979 முதல் வரும் 'டாக்டர் ஹூ மேகசின்' நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. அதன் வெளியீட்டுப் பக்கமும் விமர்சனமும் உறுதிப்படுத்திக்கொள்ள நல்ல துணை.

தலைப்பு, தேதி, அட்டை மூன்றும் பதிப்பகத்தின் பக்கத்தில் ஒன்றாகத் தெரிந்தபிறகுதான் அதை நிச்சயமான வெளியீடாகக் குறியுங்கள். பிரிட்டனில் புதுப் புத்தகங்கள் வழக்கமாக வியாழக்கிழமை வரும், அமெரிக்காவில் செவ்வாய். ஒரே புத்தகத்துக்கு இரண்டு தேதி தெரிந்தால் முதலில் கிழமையைப் பாருங்கள். எந்த நாட்டுத் தேதி என்று தெரிந்துவிடும்.

ஒளிபரப்போடு ஒட்டி வரும் நாவல்களுக்குத் தனிக் கணக்கு. 2023இன் அறுபதாம் ஆண்டுச் சிறப்புக் கதைகளில் 'தி ஸ்டார் பீஸ்ட்' நவம்பர் 25 அன்று ஒளிபரப்பானது. கேரி ரஸ்ஸல் எழுதிய நாவல் அடுத்த வியாழனே மின்னூலாக வந்தது. அச்சுப் புத்தகம் 2024 ஜனவரியில்தான். 2024 மே, ஜூனில் ஓடிய பருவத்தின் 'ஸ்பேஸ் பேபீஸ்', '73 யார்ட்ஸ்', 'ரோக்' மூன்றும் ஆகஸ்டில் வந்தன. ஆக, மின்னூல் முதலில் வருமா, அச்சு மட்டுமா என்று வடிவத்துக்கு வடிவம் தேதி பாருங்கள். 'வந்துவிட்டது' என்று யாரோ சொல்வதைக் கேட்டு அச்சுப் பதிப்பைத் தேடி அலைவது இதனால்தான் நடக்கிறது. பருவத்தை இன்னும் பார்க்காதவர்கள் பின்னட்டை வரிகளைக்கூட வாசிக்காமல் இருப்பது உத்தமம்.

முன்பதிவு

அவசரமே இல்லை. இந்தப் புத்தகங்கள் வந்த நாளிலேயே தீர்ந்துபோவது அபூர்வம். கையெழுத்திட்ட பிரதியோ கடைக்கென்று தனி அட்டையோ வேண்டும் என்றால் மட்டும் முன்பே பதியுங்கள். கொத்தாக வரும்போது எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒன்றின் தேதி தள்ளிப்போனால் மற்றவையும் அதற்காகக் காத்துக் கிடக்கும். அல்லது தனித்தனியாக அனுப்பி அஞ்சல் கட்டணம் ஏறும்.

பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அஞ்சல் செலவுதான் பெரிய தலைவலி. உலகெங்கும் இலவசமாக அனுப்பிவந்த இணையக் கடையான புக் டெப்பாசிட்டரி 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து வாங்குகிறவர்கள், இறக்குமதிப் பிரதி உள்ளூர்க் கடையில் வரும்வரை சில வாரம் பொறுப்பதே லாபம். வெளியீட்டுக்கு முன்பே மூன்றாம் தரப்பு விற்பனையாளர் இரண்டு மூன்று மடங்கு விலை போட்டிருப்பார். அவர் கையில் புத்தகம் இருக்காது, வந்தபின் வாங்கி அனுப்புவார். அவசரம் என்றால் மின்னூல் வாங்குங்கள். ஆனால் அதுவும் உங்கள் நாட்டுக் கணக்கில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வருவதற்குள் எதை வாசிப்பது

தொடரை ஒட்டி வரும் புத்தகங்களை வரிசையாக வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2005க்குப் பிந்தைய நாவல்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். விதிவிலக்கு 'நியூ அட்வென்ச்சர்ஸ்', எட்டாவது டாக்டர் வரிசை. இரண்டும் நூல் பிடித்தாற்போல நீண்ட கதைகள். நடுவில் நுழைந்தால் யார் யாருக்கு என்ன ஆனது என்று புரியாது. எட்டாவது டாக்டர் வரிசையின் முதல் நாவலான 'தி எயிட் டாக்டர்ஸ்' முதல் புத்தகம் என்பதாலேயே புதியவர்கள் கையில் எடுக்கிறார்கள். அது பழைய கதைகளின் மேற்கோள்களால் கட்டியது. அதில் ஆரம்பிக்காதீர்கள்.

ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2013இல் பிபிசி புக்ஸ் ஒரு டாக்டருக்கு ஒன்று என்று பதினொரு நாவல்களை மறுபதிப்பு செய்தது. வாசல் அதுதான். ஸ்டீபன் கோலின் 'டென் லிட்டில் ஏலியன்ஸ்' முதல் டாக்டருக்கு, ஜோனத்தன் மாரிஸின் 'ஃபெஸ்டிவல் ஆஃப் டெத்' நான்காவதுக்கு, பென் ஆரனோவிச்சின் 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்' ஏழாவதுக்கு, ஜாக்குலின் ரேனரின் 'எர்த்வேர்ல்ட்' எட்டாவதுக்கு. திரையில் உங்களுக்குப் பிடித்த டாக்டர் யாரோ அவருடையதை முதலில் எடுங்கள். பழைய வர்ஜின் முதல் பதிப்புகள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கடைசிக் காலத்து நூலான 'லங்பேரோ' போன்றவை குறைவாக அச்சானதால் பழைய புத்தகச் சந்தையில் விலை கண்ணைக் கட்டும்.

புத்தகம் கைக்கு வந்ததும் காப்புரிமைப் பக்கத்தைத் திறங்கள். 'முதலில் வெளியானது' என்ற வரியில் பழைய ஆண்டு இருந்தால் அது மறுபதிப்பு. அதன் கீழே 1 3 5 7 9 10 8 6 4 2 என்று ஓர் எண் வரிசை இருக்கும். அதில் உள்ள மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. 1 இருந்தால் முதல் அச்சு. 1 போய் 3ல் ஆரம்பித்து 2ல் முடிந்தால் இரண்டாவது. கடைக்காரர் 'முதல் அச்சு' என்று கூடுதல் விலை வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.